விசாரிக்கப்பட்ட படகுகள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். நாங்கள் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதி வைத்த புரோகிராம்களை எல்லாம் புது மொழி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். மாற்றுவதுகூட இவர்கள் இல்லை. ஒரு மென்பொருள் மாற்றித் தருகிறது, இவர்கள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள்.

"மேடம், படகு டோக்கன் புரோகிராம்ல ஒரு எடத்துல மூணு வரி இருக்கு. ஒரே வரியா சுருக்கலாம்னு டூல் சொல்லுது. ஆனா அதுக்கு மேல 'சுருக்காதீர்கள்'னு எழுதி உங்க பேரு போட்டிருக்கீங்க. ஏன்னு எழுதல. சுருக்கிடலாமா?"

"சுருக்கிக்கம்மா. புது மொழியில அந்தப் பிரச்சினை வராது."

"என்ன பிரச்சினை மேடம்?"

குக்கர் விசில் அடிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அறுபதைத் தாண்டியவள் ஒரு சின்னப் பெண்ணின் நியாயமான கேள்விக்குப் பயந்து ஓடினேனே என்று அன்று முழுவதும் என் மேலேயே எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: எழுதி அனுப்புகிறேன், பொறு. அவளுக்கென்று தொடங்கியது நீண்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெட்கம் மட்டும் எனக்குச் சொந்தம்.

நான் குத்தாலத்துப் பெண். நெல் விளைவிக்கிற குடும்பம். மயிலாடுதுறையில் கணக்கில் பட்டம், தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டு இடத்தில் ஒப்பந்த வேலை, பிறகு இந்த அலுவலகம். படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. படித்ததில் பாதியைக் கனகசபை சார் மறக்கச் சொன்னார், மீதியை நானே மறந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கடலுக்குப் போகும் படகுகளுக்கு டோக்கன் கொடுப்பதும், அவை திரும்பியதும் டோக்கனை வாங்கிப் பதிந்துகொள்வதும் எங்கள் வேலைகளில் ஒன்று. கரையோரம் சில ஊர்களில் அதற்குக் கவுன்ட்டர்கள் இருந்தன.

கனகசபை சார் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார், வெந்நீர்தான் குடிப்பார். மற்றவர் எழுதிய புரோகிராமை அவர் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஓரங்களில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்சடித்து வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்து நகர்த்தியபடி படிப்பார். தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "இந்த எடம் எனக்குப் புரியலையே, மங்கையர்க்கரசி" என்பார். அவருக்குப் புரியாமல் இல்லை என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரே இடத்தை இரண்டாவது முறையும் புரியவில்லை என்றாரானால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அலுவலகமே என்னை மங்கை என்று கூப்பிட, அவர் ஒருவர்தான் முழுப் பெயரையும் சொல்வார். எனக்குப் பெயர் வைத்தவர்களுக்கே அந்தப் பொறுமை இருந்ததில்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. தகவலை எழுதுகிற புரோகிராம் எதுவாக இருந்தாலும் இன்னொருவர் முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட வேண்டும். தகவலைக் கேட்டுக் காட்ட மட்டுமே செய்கிற புரோகிராமுக்கு அது தேவையில்லை. நியாயமான சட்டம் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. எழுதினால் கெடும், பார்த்தால் என்ன கெட்டுப் போகும்?

படகு டோக்கன் புரோகிராமை எழுதும் வேலை எனக்கு வந்தது. தகவலை வைப்பதற்குப் பெயர் ஒட்டிய பெட்டி என்று ஒரு வழி உண்டு. பெயரைச் சொன்னால் பெட்டி திறக்கும். பெர்லில் அதை ஹாஷ் என்போம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். நான் 'திரும்பிய படகுகள்' என்று ஒரு பெரிய பெட்டி வைத்தேன். அதற்குள் கரைக்கு ஒரு பெட்டி. கரைப் பெட்டிக்குள் படகுக்கு ஒரு பெட்டி, மேலே படகின் பெயர். படகுப் பெட்டிக்குள் சீட்டுகள்: வந்த நேரம், எத்தனை ஆட்கள், டோக்கனை வாங்கிப் பதிந்தவர் யார். ஒரு படகு கரைக்கு வந்து டோக்கனைக் கொடுத்ததும் அதன் பெயரில் அங்கே பெட்டி உண்டாகும். வராத படகுகளுக்கென்று தனியாக எதுவும் வைக்கவில்லை. கடலுக்குப் போன படகுகளில் எதற்கெல்லாம் அங்கே பெட்டி இல்லையோ அவை வராதவை. கழித்தால் கிடைத்துவிடும்.

எழுதும் முன்னால் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் பெட்டிகளைப் படமாகப் போட்டுக் காட்டச் சொன்னார் சார். காட்டினேன். எழுதி முடித்ததும் ஸ்கேல் வைத்துப் படித்தார். ஒரு இடம்கூட அவருக்குப் புரியாமல் போகவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் என்னை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு பெருமை.

ஒரு கவுன்ட்டரில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். அந்தக் கரையிலேயே பிறந்தவள், அண்ணன் தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். புரோகிராம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் கழித்து, ஏதோ வேலையாக அலுவலகத்துக்கு வந்தவள் என் மேசை பக்கம் வந்து நின்றாள்.

"மேடம், ஒரு படகப் பத்தி யாராச்சும் விசாரிச்சா 'வராத படகுகள்'ங்கிற பக்கத்துல போயி பேர அடிக்க வேண்டியிருக்கு."

"ஆமா. அதுல பேரு இருந்தா வரல. இல்லாட்டி வந்திருச்சு."

"அந்த அக்கா ஜன்னல்ல நின்னு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருக்கும் மேடம். அவங்க வீட்டுப் படகு பேர, வராததுன்னு தலைப்புப் போட்டிருக்கிற எடத்துல, நா எப்படி என் கையால அடிக்கிறது? நா அடிக்கறதில்ல. எந்தக் கவுன்ட்டர்லயும் யாரும் அடிக்கறதில்ல. அதான் எல்லாரும் உங்களுக்குப் போன் பண்ணி உயிர வாங்குறோம்."

"சரி, என்ன பண்ணணுங்கற?"

"வந்திருச்சான்னு கேக்குற மாதிரி ஒரு பக்கம் போட்டுக் குடுங்க. வந்திருந்தா நேரத்தக் காட்டட்டும். இல்லன்னா ஸ்கிரீன் சும்மா இருக்கட்டும். ஒண்ணும் சொல்ல வேணாம்."

எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நிறைஞ்சிருக்கு என்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வைக்கச் சொல்வோம். போறேன் என்று கிளம்புகிறவரை வாசலில் நிறுத்தி, போயிட்டு வரேன்னு சொல்லு என்று திருத்தி அனுப்புகிற வீடு. ஆகவே செல்வி கேட்டது முழுக்க நியாயம் என்று பட்டது. அன்று மதியமே எழுதிவிட்டேன். ஒரே வரிதான். திரும்பிய படகுகளில், இந்தக் கரையில், இந்தப் படகில், வந்த நேரம் என்று சீட்டு இருக்கிறதா? இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் சும்மா இரு. வந்த படகு ஒன்றின் பெயரை அடித்துப் பார்த்தேன், நேரம் வந்தது. வராத படகு ஒன்றின் பெயரை அடித்தேன், திரை சும்மா இருந்தது. கேட்கிற புரோகிராம்தானே என்று சாரிடம் காட்டவில்லை. சட்டப்படி காட்டத் தேவையும் இல்லை.

செல்விக்கு அத்தனை சந்தோஷம். அடுத்த முறை வந்தபோது ஒரு பை நிறைய வறுத்த நெத்திலி கொண்டு வந்தாள். கவுன்ட்டர்களில் இருந்து எனக்கு வரும் போன் நின்றது. கடல் அமைதியாக இருந்த மாதங்கள் அவை. வந்திருச்சா என்று கேட்கப்பட்ட படகுகள் எல்லாம் சற்று நேரத்தில் தாமாகவே வந்து சேர்ந்தன. அதனால் எதுவும் வெளியே தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு புயல். தெற்கே போய்விடும் என்று நினைத்தது எங்கள் பக்கம் திரும்பியது. கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லை, கைபேசி எல்லோர் கையிலும் வராத காலம். காற்று அடங்கிய மறுநாள் சாரும் நானும் செல்வியின் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் சம்பா நடவு தண்ணீருக்கு அடியில் கிடந்தது. என் வீட்டு வயலும் அப்படித்தான் கிடக்கும் என்று தெரியும், ஆனால் அதை நினைக்க நேரமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வராத படகுகளின் பட்டியலை எடுத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தேடும் கப்பலும் ஹெலிகாப்டரும் எந்தப் படகை, எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்தன.

ஜன்னலில் முதலில் நின்றவர் அஞ்சலை. முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் கலியபெருமாள் இன்னும் மூன்று பேரோடு தையல்நாயகி என்ற ஃபைபர் படகில் போயிருந்தார்.

"தையல்நாயகி வந்திருச்சான்னு பாரு செல்வி."

செல்வி அடித்தாள். திரை சும்மா இருந்தது. "இன்னும் காட்டலக்கா. செத்த நேரம் கழிச்சுப் பாக்குறேன்."

அஞ்சலை ஒதுங்கி அடுத்தவருக்கு இடம் விட்டார். பிறகு மறுபடியும் வந்தார். வரிசையில் இன்னும் பல பெண்கள், எல்லோரும் அதையே கேட்டார்கள். நான் செல்விக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெண்களில் ஒருத்திக்குக்கூட வரவில்லை என்ற சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டி வரவில்லை. நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ மறந்துவிட்டது, அந்த நினைப்பு மட்டும் மறக்கவில்லை. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பட்டியல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சிறியதாக வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, "கொறஞ்சுக்கிட்டே வருதே, நல்ல சேதிதான்" என்றார். எங்களுக்கும் மனசு லேசானது.

அடுத்த நாள் காலையில் கனகசபை சாருக்கு என்ன தோன்றியதோ, பட்டியலையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வெளியே கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தார்.

"அலைமகள்."

பின்னாலிருந்து ஒருவர் கை தூக்கினார். "நாந்தான் சார். காத்து கெளம்பறதுக்கு முன்னாலயே எங்க ஊர்க் கரையில ஏத்திட்டேன். டோக்கன் வீட்ல கெடக்கு."

"கடலரசன்."

"அது என் மச்சான் படகு. வீட்ல வல தச்சுக்கிட்டிருக்காரு."

மூன்றாவது பெயருக்கும் அப்படித்தான். யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. காகிதத்தை இறக்கிவிட்டு, "யார் வீட்டுப் படகு இன்னும் வரல?" என்று கேட்டார்.

அந்தச் சொல்லை அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னதும் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அஞ்சலைதான் முதலில் வாயைத் திறந்தார். "தையல்நாயகி, சார்."

ஸ்கேல் பட்டியலில் மேலிருந்து கீழ் வரை போனது. அந்தப் பெயர் இல்லை. அதன் பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், ஒரு பெயரும் அதில் இல்லை. சார் உள்ளே வந்து காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"இந்த எடம் எனக்குப் புரியலையே, மங்கையர்க்கரசி."

அவரோடு வேலை பார்த்த காலத்தில் அந்த ஒரு முறைதான் அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

திரும்பிய படகுகளின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே திரையில் கொட்டச் சொன்னேன். தையல்நாயகி என்ற பெட்டி அங்கே இருந்தது. உள்ளே ஒரு சீட்டும் இல்லை. நேரம் இல்லை, ஆட்கள் இல்லை, வெறும் பெட்டி. அதற்குக் கீழே இன்னொரு வெறும் பெட்டி, இன்னொன்று. வெளியே நின்றவர்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் வரிசையாக அங்கே இருந்தன.

பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை, நான் இதைப் படித்திருக்கிறேன். பெர்லுக்கு ஒரு குணம் உண்டு. இல்லாத பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கிறதா என்று கேட்டால், பெட்டியே இல்லை என்று அது சொல்லாது. நமக்காக அந்தப் பெயரில் ஒரு பெட்டியைச் செய்து, திறந்து பார்த்து, சீட்டு இல்லை என்று சொல்லும். செய்த பெட்டியை அங்கேயே விட்டுவிடும். பட்டியல் போடும் பகுதியோ பெட்டி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இருந்தால் படகு வந்துவிட்டதாகக் கணக்கு. ஒரு படகைப் பற்றி ஒரு முறை விசாரித்தாலே போதும், அது வராத படகுகளின் பட்டியலிலிருந்து போய்விடும். யாரும் விசாரிக்காத படகுகள் மட்டும் பட்டியலில் தங்கின. வீட்டில் ஆள் பத்திரமாக இருக்கும்போது யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? கப்பலும் ஹெலிகாப்டரும் முதல் நாள் முழுக்க, வீட்டில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களைக் கடலில் தேடின.

சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்குப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் படகின் பெயரையும் அது போன திசையையும் கேட்டு, தேடுகிறவர்களுக்குப் போனில் சொன்னார். நான் அந்த ஒரு வரியை மூன்றாகப் பிரித்தேன். முதலில் கரைப் பெட்டி இருக்கிறதா என்று கேள். இருந்தால் மட்டும் படகுப் பெட்டி இருக்கிறதா என்று கேள். அதுவும் இருந்தால்தான் உள்ளே சீட்டைக் கேள். எழுதி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எழுதும்போது அஞ்சலை ஜன்னலுக்கு வெளியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ முக்கியமான வேலை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

விசாரிக்கப்பட்ட மற்ற படகுகள் வேறு வேறு கரைகளில் ஒதுங்கித் தப்பியிருந்தன. தையல்நாயகியை அன்று மதியம் கண்டுபிடித்தார்கள். கவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள், கலியபெருமாள் இல்லை. பிழைத்தவர்களில் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். "விடியற வரைக்கும் எங்க கூடத்தான் இருந்தாரு. பேசிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கை விட்டுப் போச்சு" என்றார். முதல் நாள் பகல் முழுவதும் வானம் தெளிவாக இருந்தது. அந்தப் பெயர் பட்டியலில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட யாருக்கும் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை.

விசாரணை நடந்தது. கேட்கும் புரோகிராமை இன்னொருவர் படிக்க வேண்டும் என்று விதி இல்லாததால் என் மேல் தவறில்லை, இது அந்த மொழியின் இயல்பு என்று முடித்துவிட்டார்கள். என்னைக் குற்றவாளி என்று எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். தவறில்லை என்று படித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செல்வி கல்யாணத்தைக் காரணம் சொல்லி வேலையை விட்டாள். சுவரில் இருந்த சட்டத்தின் இரண்டாவது பாதியைச் சார் தன் கையால் கோடு போட்டு அடித்தார். அதன் பிறகு அவர் யாரிடமும் புரியவில்லை என்று சொன்னதில்லை. ஸ்கேலை நிறுத்தி, இது தப்பு என்று நேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு தொழில்நுட்பப் பாடமாக அந்தப் பெண்ணுக்கு நாலு வரியில் எழுதி அனுப்பியிருப்பேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மாவப் போயிப் பாக்கணும், மங்கையர்க்கரசி. கம்ப்யூட்டர் கோளாறுன்னு ஊரே சொல்லிக்கிட்டிருக்கு. கம்ப்யூட்டர் என்ன பண்ணுச்சு? நாம பண்ணினது என்னன்னு அவங்களுக்குத் தெரியணும்."

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. உண்மையைச் சொல்லத் தயங்கலாமா? சொல்லிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்ற ஆசையும் இருந்தது. பூம்புகார் பஸ்ஸைப் பிடித்துப் போனோம்.

அஞ்சலை எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரே மகன் பள்ளிக்கூடம் போயிருந்தான். சார் பொறுமையாக, ஒரு சொல்லைக்கூட மழுப்பாமல் விளக்கினார். பக்கத்தில் இருந்த தம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் காட்டினார்.

"இருக்கான்னு பாக்கச் சொன்னா அது ஒரு காலிப் பெட்டியச் செஞ்சு வச்சிருச்சும்மா. அதனால, கேட்ட படகெல்லாம் வந்துட்டதா கணக்காயிருச்சு. தேடப் போனவங்களுக்கு உங்க படகு பேரு போயிச் சேரல. தப்பு எங்களோடது. நாங்க எழுதினதுல வந்த தப்பு. மன்னிச்சுக்குங்க."

அஞ்சலை தம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"அப்ப, நா வந்து கேக்காம இருந்திருந்தா அவரத் தேடியிருப்பாங்களா சார்?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு நேர்மை.

"ஆமாம்மா. பேரு லிஸ்ட்ல இருந்திருக்கும்" என்றேன்.

அவர் அழவில்லை. "நா காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. எழுந்து போய் அந்தத் தம்ளர்களில் காப்பி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார், நாங்கள் குடித்தோம்.

நாங்கள் பாரத்தை இறக்கி வைக்கப் போனோம், இறக்கி வைத்தது அவர் தலையில். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில்தான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு வந்தது. நீங்க கேட்டது சரியான கேள்விம்மா, அத நாங்க மெஷின்கிட்ட கேட்ட விதம்தான் தப்பு. இவ்வளவுதான். இது உண்மையும்கூட. அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மழை, அதற்கடுத்த வாரம் ஆடிட். அந்த வழியாகப் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்த நிறுத்தத்தில் ஒரு முறையும் இறங்கவில்லை. வெட்கம் மனிதரை நல்லவராக்கும் என்பார்கள். என்னை அது கோழையாகத்தான் ஆக்கியது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் மறுபடியும் ஒரு புயல் வந்தது. கனகசபை சார் அப்போது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த முறை கடலில் இருந்த படகுகள் எல்லாமே மறுநாள் பத்திரமாகத் திரும்பிவிட்டன. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை.

கவுன்ட்டர் ஜன்னலில் பெண்கள் கூட்டம். நான் வெளியே வந்தபோது, தூரத்தில் ஐஸ் கொட்டகையின் ஓரமாக ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, ஆனாலும் அடையாளம் தெரிந்துவிட்டது. மகன் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியும். அவன் அன்று வெளியே இருக்கிறான் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எப்படியோ நடந்து அவர் அருகில் போனேன்.

"என்னத் தெரியுதாம்மா?"

"தெரியாமயா? மங்கை மேடந்தானே. நல்லாருக்கீங்களா?"

"அன்னிக்கு நீங்க கேட்டதுல தப்பே இல்லம்மா. நாங்க அத மெஷின்கிட்ட கேட்ட விதந்தான் தப்பு. அப்பவே வந்து சொல்லியிருக்கணும்." பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததை, இத்தனை வருடம் கழித்து, மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"இருக்கட்டும்மா" என்றார். யாரோ விலாசம் தவறிக் கொண்டு வந்த பொருளை வாங்க மறுப்பது போல இருந்தது அது.

"ஜன்னல்ல வந்து கேளுங்க. இப்ப எல்லாம் சரி பண்ணியாச்சு. கேட்டா ஒண்ணும் ஆகாது. நானே பாத்து எழுதினது."

அவர் தலையை அசைத்தார்.

"சரி, வர வேணாம். தம்பி போன படகு பேர மட்டும் சொல்லுங்க. நானே உள்ள போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண், அண்டை வீட்டுக்காரியாக இருக்க வேண்டும், பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அஞ்சலை சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேரு வேணாம்மா. நா இங்க வரவே இல்லன்னு வச்சுக்குங்க. நா எதுவும் கேக்கல. நீங்க தேடுங்க" என்று சொல்லி, என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.